பெரியம்மா பார்த்த கண்ணிவெடிக் கப்பல்

எங்கள் பெரியப்பா இந்தியச் சிறையொன்றில் மறியலில் இருக்கிறார் என்ற கதையோடுதான் சிட்னியில் டூங்கபி வீட்டில் நான் வளர்ந்தேன். ஊரில் யுத்தம் நடந்த காலத்தில் விடியுமுன் வள்ளத்தில் மீன் பிடிக்கப் போனவரை எல்லை தாண்டினார் என்று பிடித்துவிட்டார்களாம். பெயரைப் பிழையாக எழுதியிருப்பார்கள், அதுதான் தேடிப் பிடிக்க முடியவில்லை என்று அப்பா பெரியம்மாவிடம் சொல்லுவார். பெரியம்மாவும் தலையாட்டிவிட்டு, காலையில் முகம் கழுவிப் பெரிய பொட்டாக வைத்துக்கொள்வார்.

பள்ளி விடுமுறையில் ஒருநாள் துறைமுகத்துக்குப் பழைய போர்க்கப்பல் பார்க்கப் போனோம். எங்களை இறக்கிவிட்டு அப்பா பார்க்கிங் தேடிப் போனார். சிட்னியில் அது அரைநாள் வேலை. எனக்கு ஒன்பது வயது. பெரியம்மாவுக்கு இங்கிலிஷ் வராது, எனக்கு இரண்டும் வரும் என்ற திமிர் கொஞ்சம் இருந்தது.

கப்பல் சின்னது. உலகப்போரில் கடலுக்குள் கண்ணிவெடி போடுவதற்கென்றே இதே அச்சில் பல கப்பல்கள் கட்டினார்களாம். பெரிய கப்பல் போக முடியாத கரையோரங்களுக்கு இவை போகுமாம். பின்பக்கம் இரண்டு தண்டவாளங்கள். அவற்றின் வழியே கொம்பு முளைத்த இரும்புக் குண்டுகளை ஒவ்வொன்றாக உருட்டித் தண்ணீருக்குள் விடுவார்கள். விளக்கிய வெள்ளைக்காரத் தாத்தா நல்ல மனிதர், பொறுமையாகச் சொன்னார். நான் ஒரு சொல்லும் சிந்தாமல் தமிழில் சொன்னேன்.

பெரியம்மா அந்தத் தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, “சின்ன வள்ளம் பட்டாலும் வெடிக்குமோ எண்டு கேள் பிள்ளை” என்றார்.

கேட்டேன். கொம்பில் முட்டினால் எதுவானாலும் வெடிக்கும், வள்ளமென்றால் பலகைத் துண்டுகூட மிஞ்சாது, தேடிப் போகிறவர்களுக்கு ஒன்றும் கிடைக்காது என்றார் தாத்தா. அதையும் அப்படியே சொன்னேன். பெரியம்மா “ஓம்” என்று மட்டும் சொன்னார்.

அப்பா வேர்த்து விறுவிறுக்க வந்து சேர்ந்தபோது நாங்கள் கப்பலை விட்டு இறங்கியிருந்தோம்.

அடுத்த நாள் காலை பெரியம்மா வெறும் நெற்றியோடு தேநீர் போடக் குசினிக்கு வந்தார். மறந்துவிட்டார் என்று நினைத்து நான் பொட்டு மட்டையை எடுத்துக்கொண்டு ஓடினேன். அவர் என் கையை மெல்ல விலக்கிவிட்டு, திவசத்துக்கு ஐயரிடம் நாள் கேட்கும்படி அப்பாவிடம் சொன்னார். இன்னும் கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம், சென்னையில் ஒரு லோயர் விசாரிக்கிறார் என்று அப்பா தொடங்கினார்.

“அண்டைக்கு விடியக்காலமை கடல் பக்கம் கேட்ட சத்தம் உனக்கும் கேட்டதுதானே, தம்பி.”

அப்பா கதிரையில் உட்கார்ந்து அழுதார். அவர் அழுது நான் பார்த்ததேயில்லை. பயமாக இருந்தது. பெரியம்மா எந்தச் சத்தத்தைச் சொல்கிறார் என்றுதான் எனக்கு விளங்கவில்லை. நாங்கள் கப்பலில் நின்ற நேரம் முழுக்க ஒரு சத்தமும் கேட்கவில்லையே.