பொன்னனின் கட்டுரை

ஆங்கிலக் கட்டுரைக்காகப் பேத்தி, பனி பொழிவதைப் பற்றிய கவிதையொன்றை உரக்க வாசிக்கிறாள். என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை.

ஏற்காட்டில் படித்தபோது எங்களுக்கும் அப்படியொரு கவிதை வந்தது; அதைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னார் வாத்தியார். பனி பொழிந்து யாரும் பார்த்ததில்லை. தோட்டத் தொழிலாளி மகன் பொன்னன் மட்டும், மழைக்குப்பின் ஒரே காலையில் காப்பிக்காடு வெளுத்துப் பூப்பதை எழுதியிருந்தான். பூத்த அன்று யாரையும் செடிகளுக்குள் விடமாட்டார்கள். அந்த அமைதிதான் கவிதை என்றிருந்தான்.

“பனிக்குக் காப்பிப் பூவாடா? வாத்தியார் சிரிப்பாரு” என்றேன். கிழித்துப் போட்டான். எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டரின் மகனான நான் அதையே எழுதி, வகுப்பில் வாசித்துப் பாராட்டு வாங்கினேன்.

“ஏனுங்க சாமி, நீங்க எப்பங்க காட்டுக்குள்ள போனீங்க?” என்றான் பொன்னன். வகுப்பே சிரித்தது, அவனைத் தவிர.

“உங்க காலத்துல நீங்க எப்படி எழுதினீங்க தாத்தா?” என்கிறாள் பேத்தி.

“நான் எழுதலை கண்ணு” என்கிறேன். பொன்னன் பெயரைச் சொல்லத்தான் இன்னும் வாய் வரவில்லை.