எனக்கு நினைவில்லாத வழியனுப்புதல்

மலம் தார்போலக் கறுத்து வந்தது. ஒரு காலை, பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது தலை சுற்றிக் கரும்பலகையைப் பிடித்துக்கொண்டேன்.

எங்கள் ஊர் வரதோலியில் எங்களை அறிந்த மருத்துவர், இந்தத் தீவு நாட்டில் நடந்த ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பிறகு, எங்கள் இந்திய வம்சாவளியினர் பலரையும்போல ஆஸ்திரேலியாவில் குடியேறிவிட்டார். பெரிய மருத்துவமனையில் வெளிநாட்டிலிருந்து புதிதாக வந்திருந்த மருத்துவரே பார்த்தார். இரைப்பையில் புண் இருக்கலாம், எண்டோஸ்கோபி (கேமரா பொருத்திய குழாயை வாய்வழியே செலுத்திப் பார்த்தல்) செய்யவேண்டும் என்றார்.

சோதனைக்கு முந்தைய மாலை, என் மனைவி ராதாவின் தம்பி தேவாவுக்கு வழியனுப்பு. ரராவாய் சர்க்கரை ஆலையில் வேலை பார்த்தவன். மறுநாள் ஆக்லாந்துக்கு விமானம். எங்கள் வீடுகளில் புழங்குவது இந்தி. கோயில் பஜனையில் பழகிய தமிழை என்னோடு விடாமல் பேசியவன் அவன் ஒருவனே. பாய் விரித்து, நடுவே யங்கோனா (ஒரு செடியின் வேரை இடித்து நீரில் பிழியும் பானம், நாக்கு மரக்கும், உடல் தளரும்) கலக்கினார்கள்.

"மச்சான், ஹை டைடா, லோ டைடா?" தேங்காய்ச் சிரட்டை நிறையவா, பாதியா என்று கேட்டான்.

"காலையில ஆஸ்பத்திரிடா. லோ."

"அங்க போயி நான் யாருக்குக் கலக்கப்போறேன்? ஹைதான்!"

பாத்திரம் வற்றும்வரை எழக் கூடாது என்பது வழக்கம். நள்ளிரவு நெருங்கும்வரை தேவா அதை வற்றவிடவில்லை.

மறுநாள் மருத்துவர் கேட்டார்: "மது அருந்துவீர்களா?"

"ஒருநாளும் இல்லை."

"தூக்க மாத்திரை?"

"இல்லை."

"நள்ளிரவுக்குப் பின் ஏதாவது?"

"தண்ணீர்கூட இல்லை."

அத்தனையும் உண்மை. மிடசோலம் (அரைத்தூக்கத்தில் ஆழ்த்தும் மருந்து, அந்நேரத்து நிகழ்வுகள் நினைவில் தங்குவதில்லை) நரம்பில் ஏறியது. மேலே மின்விசிறி சுழன்றது. எனக்குத் தெரிந்தது அவ்வளவே.

மற்றவை ராதா இந்தியில் சொன்னவை; தமிழில் தருகிறேன். கதவைத் திறந்துகொண்டு மருத்துவர் தாழ்வாரத்துக்கே வந்துவிட்டாராம்.

"மூச்சு அடங்கிக்கொண்டே போகிறது. நேற்று என்ன எடுத்துக்கொண்டார்? மறைக்காதீர்கள்."

"ஒண்ணுமில்ல டாக்டர். குடிக்கிற ஆளே இல்ல இவரு. யங்கோனா மட்டுந்தான்."

"அது என்ன?"

ராதாவுக்கு விளக்கத் தெரியவில்லை. இரு கைகளையும் சிரட்டைபோலக் குவித்துக் காட்டியிருக்கிறாள்.

"எவ்வளவு?"

"வழியனுப்புல யாரு டாக்டர் எண்ணுவாங்க?"

பிராணவாயு கொடுத்தார்கள். மருந்தை முறிக்கும் ஊசி போட்டார்கள். மூச்சு திரும்பியது. வேரும் மருந்தும் சேர்ந்து என்னை ஆழ்த்தியிருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது என்று பின்னர் மருத்துவர் சொன்னார்.

நாட்டைவிட்டுப் போனவர்களை நான் குறைகூறவில்லை; அச்சத்துக்கு அவர்களிடம் காரணம் இருந்தது. ஆனால் எங்கள் பழைய மருத்துவர் முதலில் கேட்டிருக்கக்கூடிய ஒரு கேள்வியும் அவரோடு விமானம் ஏறிவிட்டது. இதே சோதனைக்குச் செல்பவர்களிடம் நான் வேண்டுவது ஒன்று: கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். நாம் குடியென்று எண்ணாததை உடல் எண்ணுகிறது.

அன்று மாலை டாக்சியில் வீடு திரும்பும்போது கேட்டேன்: "தேவா எப்ப வரான்? பிளேனுக்கு நேரமாச்சே."

ராதா என்னையே பார்த்தாள். "வந்துட்டுப் போயிட்டானே! நாந்தி ஏர்போர்ட்டுக்குப் போற வழியில பெட்டியோட ஆஸ்பத்திரிக்கே வந்தான். நீங்கதான எழுந்து உட்கார்ந்து, கட்டிப்பிடிச்சு அழுதீங்க?"

ஊசி என் மூச்சைத்தான் மீட்டிருந்தது. அந்தப் பிற்பகலை மீட்கவில்லை.

மாத்திரைகளால் புண் ஆறிவிட்டது. மூச்சு நின்றிருக்கும் என்பதைவிட, நான் இல்லாமலே என் உடல் எழுந்து உட்கார்ந்தது என்பதே இன்றும் என்னை உலுக்குகிறது. என் கைகள் ஒருவனை அணைத்திருக்கின்றன. என் வாய் அவனிடம் பேசியிருக்கிறது. எனக்கோ அவன் இன்னும் சிரட்டையை நீட்டியபடியே இருக்கிறான்.

தொலைபேசியில் தேவாவிடம் கேட்டேன். "நான் என்னடா சொன்னேன்?"

அங்கே வழக்கமாகிவிட்ட இங்கிலீஷை விட்டுத் தமிழில் சொன்னான்:

"நல்லாத்தான் சொன்னீங்க மச்சான். அதை நான் வச்சிக்கிறேன்."