சனிக்கிழமைப் பிணம்

எல்லம்மா லேசில் யாரையும் நம்புகிறவள் அல்ல. பால்காரர் எதிரிலேயே பாலில் விரலை விட்டுப் பார்ப்பாள். தான் பாத்திரம் தேய்க்கும் பிரேசர் டவுன் பங்களாவில் வீட்டம்மா சிரித்துப் பேசினால், இன்றைக்கு என்ன கூடுதல் வேலையோ என்று நினைப்பாள். அப்படிப்பட்டவள், ஹைஸ்கூலில் படிக்கும் மகள் காந்தா சனிக்கிழமைதோறும் கன்னமெல்லாம் புழுதியோடு வந்தால் சும்மா இருப்பாளா? இது ஐம்பத்தெட்டாம் வருஷத்துக் கதை.

"மூஞ்சில என்னடி மண்ணு?"

"முதலுதவி கிளாஸ்மா. தண்ணியில முழுகினவங்கள குப்புறப் படுக்க வெச்சி, முதுக அழுத்தி மூச்சு வரவைக்கணும். நான்தான் பொணம்."

"போன வாரமும் நீதானடி பொணம்?"

காந்தா முகம் கழுவப் போனாள். எல்லம்மாவின் சந்தேகம் டீச்சர் பக்கம் போனது. ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி. அந்த வகுப்பில் சேரியிலிருந்து போகிறவள் இவள் ஒருத்திதான். பிணமாகக் கிடக்க வேறு யாரைப் பிடிப்பாள் அந்த ஜோசபின் டீச்சர்? டாக்டர் வந்து பரீட்சை வைக்கப்போகிறாராம். தேறினால் நர்ஸ் படிப்புக்குச் சிபாரிசாம். பிணத்துக்கு எவன் சிபாரிசு செய்வான்?

அடுத்த சனிக்கிழமை வேலைக்கு மட்டம் போட்டுவிட்டு, வகுப்பு ஜன்னலோரம் போய் நின்றாள்.

காந்தா தரையில் குப்புறக் கிடந்தாள். பெண்கள் ஒவ்வொருத்தியாக மண்டியிட்டு அவள் முதுகை அழுத்திவிட்டு எழுந்தார்கள். கடைசியில் டீச்சர், "காந்தா, இப்ப உன் முறை. யாராவது படுங்க" என்றாள்.

ரமாவுக்குத் தலைவலி வந்துவிட்டது. கோமளத்தின் பாவாடை புதுசு. மற்றவர்கள் தங்கள் கால்களையே பார்த்தார்கள். அழுத்திப் பழக அவள் முதுகு ஆகும். அவள் கை மட்டும் இவர்கள் மேல் படக் கூடாது.

"பரவால்ல மிஸ், நானே படுக்கறேன்" என்று காந்தா மறுபடி குனிந்தாள். டீச்சர் கடிகாரத்தைப் பார்த்தாள்.

எல்லம்மா சந்தேகப்பட்டதில் தப்பில்லை. ஆளைத்தான் மாற்றி, அந்தப் பெண்களை விட்டுவிட்டு டீச்சரைப் பிடித்திருந்தாள். அதுவும் முழுக்கத் தப்பில்லை. விறுவிறுவென்று உள்ளே போனாள்.

"யாரும் படுக்கலன்னா நீங்க படுத்திருக்கலாமே மிஸ்."

எல்லம்மா பதிலுக்குக் காத்திருக்கவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, மகள் கிடந்த இடத்திலேயே குப்புறப் படுத்தாள். கன்னத்தில் மண் ஒட்டியது. அப்போதும் ஒரு கண்ணைத் திறந்து, யார் சிரிக்கிறார்கள் என்று பார்த்தாள். யாரும் சிரிக்கவில்லை.

காந்தா அவள் முதுகில் பட்டும் படாமலும் கைகளை வைத்தாள்.

"நல்லா அழுத்துடி" என்றாள் எல்லம்மா. "நா ஒண்ணும் செத்துட மாட்டேன்."