மாப்பிள்ளையை மலையிலிருந்து இறக்கியது

பஸ் ஓட்டுகிறவனுக்கு மலையேற்றம் வெறும் வேலை, இறக்கம்தான் சோதனை. ஸ்டியரிங் பிடித்துக் கை மரத்த சகோதரர்களுக்கு இதை நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

பஸ்களெல்லாம் இன்னும் தனி முதலாளிமார் கையிலிருந்த ஐம்பதுகளில், கல்முனையில் பஸ் ஓட்டினேன். மேடு என்றால் கடற்கரை மணல்மேடுதான் எங்களுக்கு. அப்படிப்பட்ட என்னிடம், மலைநாட்டுப் பதுளையிலிருந்து மாப்பிள்ளையை அழைத்துவரும் பொறுப்பை பக்கத்து மருதமுனைப் பெண் வீட்டார் கொடுத்தார்கள். அன்றிரவே, இஷாத் தொழுகைக்குப் பிறகு நிக்காஹ். பெண்ணின் வாப்பா சொல்லியனுப்பியது ஒன்றுதான்: "பஸ் எப்படிப் போனாலும் பறவாயில்ல, மாப்பிளயில கீறல் விழப்படா."

இறக்கம்

மாப்பிள்ளையையும் அழைக்க வந்த பெண் வீட்டாரையும் ஏற்றிக்கொண்டு பதுளையை விட்டதும் பசறைப் பாதையில் முதல் சரிவு. எல்லோரும் பிடித்துக்கொள்ளட்டும் என்று, "இறக்கம்" என்று சத்தமாகச் சொன்னேன். பஸ்ஸில் அந்தச் சொல்லுக்கு எங்கள் ஊரில் ஒரே அர்த்தம்தான்: இறங்குகிற இடம் வந்துவிட்டது. அத்தனை பேரும் மூட்டை முடிச்சோடு எழுந்து வாசலுக்கு வந்துவிட்டார்கள். பதறி நிறுத்தினேன். மிதிபலகையில் ஒரு காலை வைத்தபடி பெண்ணின் சாச்சா, வாப்பாவின் தம்பி, கேட்டார்: "இப்பதானே ஏறின, அதுக்குள்ள மருதமுனை வந்திட்டா தம்பி?"

குரவை

அடுத்த வளைவில் பின்னாலிருந்து பெண்களின் கூச்சல். யாரோ விழுந்துவிட்டார்கள் என்று நினைத்து பிறேக்கை ஓங்கி மிதித்தேன். பஸ்ஸின் வால் பள்ளத்தைப் பார்த்து ஒரு ஆட்டம் ஆடிவிட்டு நின்றது. திரும்பிப் பார்த்தால் ஒருவரும் விழவில்லை, குரவை போடுகிறார்கள். கொஞ்சம் நிறுத்தச் சொல்லிக் கெஞ்சினேன். சாச்சாவின் மனைவி சாச்சிக்குக் கோபம் வந்துவிட்டது: "மாப்பிளயக் கூட்டிப் போகக்க குரவ போடாம மௌத்து வீடு மாதிரி யாசீனா ஓதுற?"

வாசம்

அந்தப் பயத்தில் பிறேக்கிலிருந்து காலை எடுக்கவேயில்லை. சற்று நேரத்தில் கருகல் வாசம். யார் கருவாடு சுடுகிறது என்று சாச்சா ஆசையோடு விசாரித்தார். கருகியது பிறேக்தான்; பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போனது, பிடிப்பே இல்லை. கலிமா சொல்லிக்கொண்டே முதல் கியருக்கு மாற்றி, மலைப்பக்கப் புல்மேட்டில் உரசி ஒருவாறு நிறுத்தினேன்.

மாப்பிள்ளை இறங்கினார். மலையில் பிறந்தவர். பிறேக் ஆறும்வரை எல்லோரையும் உட்காரவைத்தார். பிறகு தொப்பியைச் சரிசெய்துகொண்டு பஸ்ஸுக்கு முன்னால் நடக்கத் தொடங்கினார். சரிவு முடியும்வரை நான் அவர் பின்னால் முதல் கியரில் ஊர்ந்தேன். பின்னால் குரவை, ஓரத்தில் கொழுந்து பறிப்பவர்களின் சிரிப்பு. நடுவில் ஒருதரம் திரும்பி விரலை ஆட்டிச் சொன்னார்: "றைவர், என்னய முந்தினா நிக்காஹ் இல்ல."

மலையிறங்கும் வித்தை எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: முன்னால் ஒரு மாப்பிள்ளை நடந்து போகிறார் என்று நினைத்துக்கொண்டு ஓட்டவேண்டும்.