சிஹாருவின் பட்டமளிப்பு

சிஹாருவுக்கு இருபத்தொன்பது வயது. ஜப்பானில் நகோயா நகரத்தின் ஓசு கடைத்தெருவில் ஒரு சின்ன அரங்கில் ஆடும் 'தொபிபாக்கோ' குழுவில் பதினோரு வருஷமாக இருக்கிறாள். ஐந்து பெண்கள், துள்ளல் பாட்டு, மூச்சுவிட இடம் தராத ஆட்டம். ஆளுக்கொரு நிறம், இவளுக்கு ஊதா. ஆளுக்கொரு இடம், இவளுக்கு இடது ஓரம். காலையில் ரொட்டிக் கடையில் வேலை, சாயங்காலம் மேடை. முட்டி வீங்கிக் கிடந்தபோதும் ஒரு நாள் லீவு போட்டதில்லை. சரியான பிடிவாதக்காரி.

அந்த ஞாயிறு மதியம் உடை மாற்றும் அறை ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். கீழே வரிசையில் நின்றவர்களுக்கு ரசிகர் மன்றத் தலைவர், வளைத்தால் ஒளிரும் குச்சிகளைக் கொடுத்துக்கொண்டிருந்தார். அத்தனையும் ஊதா. அரங்கம் முழுக்க ஒரே நிறம் கொடுப்பது இரண்டே நாட்களில்தான். அந்த நிறத்துக்காரியின் பிறந்தநாளில், இல்லாவிட்டால் அவள் குழுவைவிட்டுப் போகிற நாளில். சிஹாருவின் பிறந்தநாள் போய் நாலு மாதமாகிறது.

மேலாளர் குஷிதா இறால் வைத்த சோற்று உருண்டையை மென்றபடியே வந்து ஒரு கடிதத்தை நீட்டினார்.

"கடைசிப் பாட்டுக்கு முன்னாடி இதைப் படிச்சிடு. கொஞ்சம் அழுதா இன்னும் நல்லாருக்கும்."

'எனக்குள் ஒரு புதுக் கனவு பிறந்திருக்கிறது' என்று ஆரம்பித்தது கடிதம். அடியில் சிஹாருவின் பெயர். குழுவைவிட்டுப் போவதைப் பட்டமளிப்பு என்பார்கள் இந்தத் தொழிலில். துரத்துவதற்கு வைத்த கௌரவமான பேர்! அதையும் துரத்தப்படுகிறவளே தன் வாயால் சொல்ல வேண்டும்.

"எனக்குக் கனவு பொறந்தது எனக்கே தெரியலையே சார்?"

"வம்பு பண்ணாத. முப்பதை நெருங்கிட்ட. டிவியில ஆடக் கூப்பிடறவங்க, குழுவுல நாலு பேர் இருந்தா போதும்ங்கிறாங்க."

"ரசிகர்களுக்குச் சொல்லத் தெரிஞ்சுது, எங்கிட்ட சொல்ல வாய் வரல?"

"சொன்னா இப்படிக் கத்துவேன்னுதான் சொல்லல."

நடு இடத்துக்காரி மொமோகா, பத்தொன்பது வயசு, கண்ணாடியைப் பார்த்துப் பொய் இமைமுடி ஒட்டிக்கொண்டே, "நல்லபடியா போய்ட்டு வாங்கக்கா" என்றாள்.

"நான் இன்னும் கிளம்பவே இல்ல. மூடுடி வாயை."

மேடையில் மைக்கைப் பிடித்துச் சிஹாரு கடிதத்தை நாலாகக் கிழித்தாள். "இதை எழுதினது குஷிதா சார். கனவும் அவரோடதுதான். நான் எங்கயும் போகல."

ரசிகர்கள் கையிலெல்லாம் ஊதா வெளிச்சம். குச்சிகளை முன்பே வளைத்துவிட்டார்கள். இனி அணைக்கவும் முடியாது. குஷிதா கையைக் காட்ட, அவள் குரலை அமுக்கிக்கொண்டு பாட்டு அலறியது.

சிஹாரு ஆடவில்லை. இடது ஓரத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். தான் இல்லாமல் ஆட்டம் ஓட்டையாகும், ஊரே பார்க்கட்டும் என்பது அவள் கணக்கு.

ஓட்டை விழவில்லை. நாலு பேரும் அரையடி தள்ளி நின்று, நாலு பேருக்கென்றே அமைத்த ஆட்டத்தை ஒரு பிசிறில்லாமல் ஆடினார்கள். ஒரு நாளில் வருகிற சுத்தமல்ல அது. மாதக்கணக்கில் இவளுக்குத் தெரியாமல் பழகியிருக்கிறார்கள். குஷிதா செய்ததைவிட இது பல மடங்கு வலித்தது. பாவிகள்! தினமும் சேர்ந்து சாப்பிட்டவர்கள்.

சிஹாரு நேராக நடந்து மேடை நடுவில் போய்க் காலூன்றி நின்றாள். சுழன்று வந்த மொமோகா அவள்மேல் மோதித் தொப்பென்று விழுந்தாள்.

"நகருங்கக்கா! ஆட்டமே போச்சு!"

"ஏன்டி, இதுக்கு ஒத்திகை பாக்கலியா?" என்றாள் சிஹாரு.