காக்கைச் சோறும் லாப்ரடாரின் இடுப்பும்

2023 அக்டோபர் 29, ஞாயிற்றுக்கிழமை. ஐந்தரைக்கு எழுந்தேன். இரவு மழை பலமாகப் பெய்திருந்ததால் முதலில் வயலுக்குப் போய், சம்பா நட்ட பள்ளத்தில் நின்ற தண்ணீரை வரப்பு வெட்டி வடியவிட்டேன். வீடு திரும்பி, எங்கள் லாப்ரடார் நாய்க்குக் காலைத் தீவனத்தைக் கப்பில் அளந்து வைத்தேன். தலைதட்டித்தான் வைப்பேன்.

காரணம் உண்டு. தஞ்சாவூர் கால்நடை மருத்துவர் எக்ஸ்ரேயைக் காட்டி, இடுப்பு மூட்டு தேய ஆரம்பித்துவிட்டது, பொங்கலுக்குள் எடை குறையாவிட்டால் பிறகு எழுந்து நிற்பதே சிரமம் என்று சொல்லியிருந்தார். இரண்டு மாதமாக அளந்து போடுகிறேன். போன வாரம் நிறுத்துப் பார்த்தால் எடை கூடியிருக்கிறது.

அன்று குத்தாலத்திலிருந்து என் மனைவியின் தம்பி வந்திருந்தான். அவன் வீட்டில் பக் என்கிற குட்டை இன நாய் வளர்க்கிறார்கள். எங்கள் நாய் வாசல்படி ஏற முடியாமல் நிற்பதைப் பார்த்ததும் ஆரம்பித்தான்.

"அத்தான், அப்பவே சொன்னேன், பக் வாங்குங்கன்னு. ஒரு கைப்பிடி தின்னுட்டு ஓரமாப் படுத்துக்கும். உங்களுது தீவனத்துக்கே ஒரு போகம் வெளையணும்."

"உன் பக் படுக்கிறது ஏசி ரூம்ல. அந்தக் கரண்டு பில்லை எதுல சேர்க்கிற?"

"வெயில் காலத்துல மட்டும்தான் போடுறோம்."

"இந்த ஊர்ல அது எத்தனை மாசம்?"

மூக்கு சப்பையான நாய்க்கு மூச்சு விடுவதே ஒரு வேலை என்றேன். முகத்து மடிப்பைத் தினமும் துடைக்க வேண்டும், ஈரம் தங்கினால் புண், பிதுங்கிய கண்ணுக்குச் சொட்டு மருந்து. அவன் விடவில்லை. லாப்ரடாருக்குக் காதில் சீழ் வரும், உண்ணி மாத்திரைகூட எடைக்குத் தகுந்த விலை, குண்டாக ஆக மாத்திரையும் விலை ஏறும் என்றான். அது உண்மை என்பதால் எனக்கு இன்னும் எரிச்சல் வந்தது.

அதற்குள் சமையல் முடிந்து, மனைவி பருப்பும் நெய்யும் பிசைந்த முதல் பிடிச் சோற்றைக் கொல்லையில் துவைக்கிற கல்லின் மேல் வைத்து, காக்கையைக் கூப்பிட்டாள். படி ஏறாத நாய் எழுந்து போனது. காக்கை இரண்டு கொத்து கொத்துவதற்குள் கல்லை நக்கித் துடைத்தது. பிறகு வேலிப் படலின் சந்தில் நுழைந்து அடுத்த கொல்லைக்குப் போனது. அங்கும் காக்கைக்கு வைத்திருந்தார்கள். அதற்கடுத்த வீட்டிலும் இருக்குமென்று அதற்குத் தெரிந்திருந்தது.

"இது தினமும் நடக்குதா?" என்று கேட்டேன்.

"காக்கா சாப்பிட்ட மிச்சத்தைத்தானேங்க சாப்பிடுது" என்றாள் மனைவி. "செத்துப்போன எங்கப்பாவுக்கு வைக்கிற சோறு. அதை நிறுத்தச் சொல்லாதீங்க."

"நிறுத்த வேண்டாம். மாடியில வை."

"மாடி ஏற என் முட்டியும்தான் தேஞ்சிருக்கு. அதுக்கு யாரும் படம் எடுக்கலை."

தம்பிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அக்கா, அப்பாவுக்கு சுகர். இவ்வளவு நெய் விட்டு வச்சா அவரே நாய்க்குத்தான் தள்ளி விட்டிருப்பாரு."

"நீ வாயை மூடுடா. நீ வீட்டுல வைக்கிறியா முதல்ல?" என்றாள். அவன் சிரிப்பு நின்றது.

இனி நானே மாடிக்கு எடுத்துப் போகிறேன் என்று ஒப்புக்கொண்டேன். சாயங்காலம் அக்கம்பக்கத்து வீடுகளுக்குப் போய், காக்கைச் சோற்றைக் கொஞ்சம் உயரத்தில் வைக்க முடியுமா என்று கேட்டேன். ஒரு வீட்டில் தலையாட்டினார்கள். அடுத்த வீட்டு அம்மாள், "ஏண்ணே, காக்காய்க்கு எங்க வைக்கிறதுன்னும் உங்ககிட்ட கேட்டுக்கணுமா? பாவம், வாயில்லா ஜீவன், ஒரு வாய் தின்னுட்டுப் போகுது" என்றார். ஒரு வாய் இல்லை, தெரு முழுக்க என்று விளக்கினேன். இடுப்பு மூட்டைப் பற்றியும் சொன்னேன். "நாயை நீங்க பட்டினி போடுறீங்கன்னுல்ல நாங்க நெனச்சோம்" என்றார். அதனால் சில நாள் நாய்க்கென்று தனியாகவே பிசைந்து வைத்தார்களாம்.

வீட்டுக்கு வந்தேன்.

மறுநாள் காலையில் முதல் வேலையாக, பல்கூடத் துலக்காமல், கொல்லைப் படலின் சந்தில் மூங்கில் பிளாச்சுகளைச் செருகிக் கம்பியால் இறுக்கிக் கட்டினேன்.