பழைய ஜாவாவை அழிக்கலை

ஆவடி குவார்ட்டர்ஸ் ஹால்ல உக்காந்து இன்னிக்கு வீடியோ இன்டர்வியூ. பையன் பொறந்ததும் வேலையை விட்டேன், எட்டு வருஷம் ஆச்சு.

புரோகிராம் எழுதற ஜாவா மொழியில புது வெர்ஷன் 21-ஐப் படிச்சு லேப்டாப்ல போட்டிருக்கேன். அப்போ ஆபீஸ்ல எழுதின ஜாவா 8-ம் பக்கத்துலயே இருக்கு. ஒரு கமாண்ட் போட்டா அதுலேர்ந்து இதுக்கு மாறிக்கலாம்.

"பழசு எதுக்கு எடத்த அடைச்சுகினு கீது? தூக்கிப் போடேன்"னு வீட்டுக்காரர் தினமும் சொல்வார்.

ஸ்க்ரீன் ஷேர் பண்ணி, ஜாவா 21-ல ஒரு புரோகிராம் எழுதி ஓட்டச் சொன்னாங்க. ஓட்டினேன். ஸ்க்ரீன் முழுக்க எரர்! நேத்து எதையோ பார்க்க எட்டுக்கு மாத்தினவ, திருப்பி மாத்த மறந்துட்டேன்.

21-க்கு மாத்தற கமாண்டைப் போட்டேன். ஓடிடுச்சு.

ஸ்க்ரீன்ல அதைப் பார்த்துட்டு இன்டர்வியூ எடுத்த பொண்ணு கேட்டாங்க: "மேடம், எட்டு கூட வச்சிருக்கீங்களா?"

"ஆமாங்க... பழசு." ஏதோ தப்பு பண்ணவ மாதிரி சொன்னேன்.

"எங்க பெரிய கஸ்டமரோட சிஸ்டம் இன்னும் அதுலதான் ஓடுது. டீம்ல அதைத் தொடவே ஆளில்லை. எப்போ சேர முடியும்?"

திங்கக்கிழமை சேர்றேன்!

வீட்டுக்காரருக்கு போன் பண்ணிச் சொன்னேன். "பழச அழிக்காதன்னு நான் அப்பவே சொன்னேன்ல?"ங்கறார்.

உங்க வீட்லயும் இப்படித்தானா?